முட்டை இல்லை, பால் இல்லை, சீனியும் இல்லை

மைசூரில் எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். ஊதுபத்தி உருட்டுவது அவள் வேலை. மாலையில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருவாள். என்னை அக்கா என்பாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன். பால் குடித்தால் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். முட்டையும் ஆகாது. டாக்டர் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் 'பிரவுனி' கொடுத்தார்கள். இவனுக்கு மட்டும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

அன்று மாலை அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"அக்கா, அடுத்த மாசம் இவனுக்குப் பிறந்தநாள் வருது. அந்தப் பிரவுனியை நாமே செய்ய முடியாதா?" என்று கேட்டாள்.

"செய்யலாமே. என்ன தடை?"

"வீட்டுல ஓவன் இல்லை. பால், வெண்ணெய், முட்டை எதுவும் ஆகாது. அத்தைக்குச் சர்க்கரை நோய். அதனால சீனியும் கூடாது."

"அப்படியானால் மீதி என்ன இருக்கிறது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சரி, யோசிப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

பிரவுனி என்பது என்ன?

பிரவுனி அமெரிக்காவில் பிறந்த பலகாரம். கோகோ சேர்ப்பதால் கரும்பழுப்பாக இருக்கும். கேக்கைப் போல உப்பி வராது. தட்டையாக, உள்ளே கொஞ்சம் ஈரமாக இருக்கும். சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள். வழக்கமான பிரவுனியில் மாவைவிடச் சீனிதான் அதிகம். வெண்ணெயும் முட்டையும் நிறையச் சேரும்.

நம் ஊர் மைசூர் பாகும் அப்படித்தானே? நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா அதை முதலில் செய்தார் என்று சொல்வார்கள். கடலை மாவு, சீனிப் பாகு, நெய், இவ்வளவுதான் அதில் உண்டு. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் தின்னும் பண்டமில்லை.

பால், முட்டை, வெண்ணெய், தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவை 'வீகன்' உணவு என்கிறார்கள். 1944-இல் இங்கிலாந்தில் உண்டான சொல் இது. சிலர் அதைக் கொள்கையாகக் கடைப்பிடிக்கிறார்கள். இந்தப் பையனுக்கோ அது கொள்கை இல்லை. அவன் உடம்பு கேட்கிறது.

முட்டை என்ன வேலை செய்கிறது?

ஒன்றை எடுத்துவிட வேண்டுமானால், அது அங்கே என்ன வேலை செய்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

முட்டை மாவைக் கட்டிப் பிடிக்கிறது. கொஞ்சம் ஈரமும் தருகிறது. இந்தக் கட்டிப் பிடிக்கும் வேலையை ஆளி விதை செய்யும். பொடித்து மூன்று பங்கு தண்ணீரில் ஊற வைத்தால், பத்து நிமிடத்தில் வழவழவென்று முட்டையின் வெள்ளைக் கருவைப் போல ஆகிவிடும். கன்னடத்தில் அதை அகசெ என்பார்கள். மைசூர்க் கடைகளில் அப்படிக் கேட்டால் கிடைக்கும்.

வெண்ணெய் கேக்கை மிருதுவாக்குகிறது. அதற்குப் பதில் கொஞ்சம் எண்ணெய் போதும். வேகவைத்து மசித்த காய்கறி மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். காய்கறியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த ஈரத்தை அதன் நார் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணெய் குறைந்தாலும் துண்டு வறண்டு போகாது.

பாலின் வேலையைத் தண்ணீரே செய்துவிடும். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பாலில்லாமல் என்ன தருவது என்ற கேள்வி மைசூருக்குப் புதிதல்ல. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் இங்கே தொடங்கியது. அரச குடும்பத்தின் செலுவாம்பா மாளிகையில் அதற்கு இடம் கிடைத்தது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். நாட்டில் பாலுக்கும் தானியத்துக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. அங்கே நிலக்கடலையிலிருந்து பால் எடுத்தார்கள், தயிரும் செய்தார்கள். மரவள்ளி மாவு 75 பங்கு, நிலக்கடலை மாவு 25 பங்கு கலந்து, அதற்கு 'மைசூர் மாவு' என்று பெயர் வைத்தார்கள். ஏழை வீட்டுக்கும் புரதச் சத்து போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

காய்கறியில் இனிப்பா?

காய்கறியைப் போட்டுக் கேக்கா என்று பாட்டி முகம் சுளித்தார். ஆனால் கேரட் அல்வா நமக்குத் தெரியும். கர்நாடகக் கல்யாணங்களில் போடும் காசி அல்வா சாம்பல் பூசணியில் செய்வது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் சீனிக்கு ரேஷன் வந்தது. அப்போது வீட்டுப் பலகாரங்களில் இனிப்புக்காகக் கேரட்டைச் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் சீனியையே ஒரு வகை வெள்ளை பீட்ரூட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

எங்களுக்கு பீட்ரூட்டே சரி என்று தோன்றியது. அதன் நிறம் கோகோவோடு கலந்துவிடும். காய்கறி பிடிக்காத பிள்ளைக்கும் கண்ணில் படாது. எங்கள் தெருவில் ஒரு ஜைனக் குடும்பம் உண்டு. அவர்கள் மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்குகளைச் சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுப்பதென்றால் பீட்ரூட்டுக்குப் பதில் அதே அளவு மஞ்சள் பூசணியைப் போடலாம். பறங்கிக்காய் என்பதும் அதைத்தான்.

மற்றதெல்லாம் இந்தப் பக்கத்துச் சரக்குதான். மைசூரைச் சுற்றி ராகி விளைகிறது. இந்தியாவில் ராகி அதிகம் விளையும் மாநிலம் கர்நாடகம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால் குடிக்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய உதவி. வெல்லம் மண்டியாவிலிருந்து வருகிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சும் கொட்டகையை அங்கே ஆலெமனெ என்பார்கள். கோகோகூட தூரத்தில் இல்லை. தட்சிண கன்னடத்துப் பாக்குத் தோட்டங்களில் ஊடுபயிராகக் கோகோ மரம் வளர்க்கிறார்கள். அங்கே புத்தூரில் காம்ப்கோ என்ற கூட்டுறவுச் சங்கம் 1986-இல் சாக்லேட் ஆலை தொடங்கியது.

பாக்கெட்டைப் படித்த கதை

கோகோப் பொடி வாங்க அவளே கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். அதில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தது. "சைவம்தான், தைரியமா வாங்கிக்கம்மா" என்றார்.

அவள் வாங்கவில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். சீனி, பால் பவுடர் என்று இருந்தது. அது பாலில் கலந்து குடிக்கும் பானப் பொடி. வெறும் கோகோ அல்ல.

இதைக் கவனியுங்கள். பச்சைப் புள்ளி என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று மட்டுமே பொருள். பால் இருக்கலாம். பால் ஆகாத பிள்ளைக்குப் பச்சைப் புள்ளி காவல் இல்லை. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை போன்ற ஒவ்வாமை தரும் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதை உறையில் அச்சிட வேண்டும் என்பது விதி. வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் 2022-இல் வந்தன. அதற்குத் தனி முத்திரை உண்டு. பச்சை நிறத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் அதன் மேல் ஓர் இலையும் இருக்கும்.

அவள் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். வேறொரு கடையில் இனிப்பில்லாத கோகோப் பொடி கிடைத்தது. உறையில் கோகோ என்ற ஒரே பொருள்தான் எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை கெட்டுப்போனது

முதல் தடவை வெறும் ராகி மாவில் செய்தோம். பீட்ரூட்டைப் பச்சையாகத் துருவிப் போட்டோம். நன்றாக உப்பட்டும் என்று ஆப்ப சோடாவை ஒரு கரண்டி நிறையப் போட்டேன். அது என் தப்பு.

சோப்பைக் கடித்தது போல இருந்தது. பீட்ரூட்டின் மண் வாசனையும் போகவில்லை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை வருமே, அதைத் தரும் பொருளே பீட்ரூட்டிலும் இருக்கிறது. தோலைச் சீவி, நன்றாக வேகவைத்தால் அது மட்டுப்படும். எலுமிச்சைச் சாறும் கோகோவும் மீதியை மறைத்துவிடும். வெறும் ராகியால் துண்டுகள் உதிர்ந்து போயின. கோதுமையில் இருக்கும் பசைப் பொருள் ராகியில் இல்லை. அதனால் கொஞ்சம் கோதுமை மாவு சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டியதும் தவறு. வெல்லம் ஆறினால்தான் இறுகும்.

கோழிகூட அதைக் கொத்தவில்லை என்று பாட்டி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இரண்டாம் தடவை

இந்த அளவு சரியாக வந்தது. 200 மில்லி பிடிக்கும் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராகி மாவு 1 டம்ளர்
கோதுமை மாவு அரை டம்ளர்
இனிப்பில்லாத கோகோப் பொடி 4 மேசைக் கரண்டி
பொடித்த வெல்லம் 150 கிராம்
தோல் சீவிய பீட்ரூட் 200 கிராம்
கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 4 மேசைக் கரண்டி
ஆளி விதைப் பொடி 1 மேசைக் கரண்டி
ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 1 மேசைக் கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் 2

பீட்ரூட்டை இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சத்தும் நிறமும் தண்ணீரோடு போய்விடும். ஆறியதும் அம்மியிலோ மிக்ஸியிலோ மை போல அரையுங்கள்.

வெல்லத்தை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண்டி இருந்தால் அடியில் தங்கும். பாகு காய்ச்ச வேண்டாம். கரைந்தால் போதும். வெல்லம் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தேடாதீர்கள். அந்த நிறத்துக்காக வெளுப்பு மருந்து போடுவது உண்டு. கரும்பழுப்பு வெல்லமே நல்லது. நம் கேக்கும் கறுப்புத்தானே.

ஆளி விதைப் பொடியை 3 மேசைக் கரண்டி தண்ணீரில் ஊற விடுங்கள். ராகி மாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து ஆற வையுங்கள். பிறகு ராகி மாவு, கோதுமை மாவு, கோகோ, உப்பு, ஏலப்பொடி, சோடா எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் தங்கினால் அங்கே கசக்கும்.

அரைத்த பீட்ரூட், ஆறிய வெல்லத் தண்ணீர், எண்ணெய், ஊறிய ஆளி விதை ஆகியவற்றை ஒன்றாகக் கலக்குங்கள். அதில் மாவைப் போட்டுக் கிளறுங்கள். பதம் இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் விடுங்கள். சோடாவும் புளிப்பும் சேர்ந்ததும் குமிழி வரும். அந்தக் குமிழிதான் கேக்கை உப்ப வைக்கிறது. அதனால் சாறு விட்ட பிறகு தாமதம் கூடாது. உடனே எண்ணெய் தடவிய தட்டையான பாத்திரத்தில் ஒன்றரை விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள்.

ஓவன் வேண்டாம். அடிகனமான பெரிய பாத்திரம் ஒன்று போதும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்போ சலித்த மணலோ பரப்புங்கள். மேலே ஒரு வளையம் வையுங்கள். மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு கேக் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, தீயைத் தணியுங்கள். பழைய குக்கரில் செய்வதென்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் அவற்றோடு மூடிச் சூடாக்குவது ஆபத்து.

முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் நடுவில் அமுங்கிவிடும். 40 நிமிடத்துக்குப் பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். குச்சியில் மாவு வழிந்தால் இன்னும் வேக வேண்டும். ஈரத் தூள் கொஞ்சம் ஒட்டினால் சரி. வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். பிறகு நாலுக்கு நாலாக 16 துண்டுகள் போடுங்கள்.

ஒரு சங்கதி சொல்ல மறந்தேன். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். பையனுக்கு அப்படித்தான் ஆனது. வீடே பயந்துவிட்டது. அது பீட்ரூட்டின் சாயம். ஒரு நாளில் மாறிவிடும். பீட்ரூட் சாப்பிடாதபோதும் அப்படிப் போனால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாட்டி தின்ற நாலு துண்டு

பிறந்தநாள் வந்தது. பையன் ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். தனக்கு வாழைப்பழம் கிடைத்த அந்தப் பிறந்தநாள் பிள்ளைக்கு முதல் துண்டைக் கொடுத்தானாம்.

வீட்டில் மீதியிருந்ததில் பாட்டி நாலு துண்டு சாப்பிட்டுவிட்டார். மறுநாள் காலையில் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். வழக்கத்தைவிட ஏறியிருந்தது.

"சீனியே போடலைன்னு சொன்னியே அம்மா?" என்று பாட்டி என்னைக் கேட்டார்.

"சீனி போடலை பெரியம்மா. வெல்லம் போட்டோம்."

"வெல்லம் உடம்புக்கு நல்லதுதானே?"

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். செய்முறையைச் சொன்ன நான் இதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெல்லமும் சர்க்கரைதான். இரண்டும் ஒரே கரும்புச் சாற்றிலிருந்து வருகின்றன. சாற்றைக் காய்ச்சி, அழுக்கு நீக்கி, பாகைப் பிரித்து எடுத்தால் சீனி. பாகைப் பிரிக்காமல் அப்படியே இறுக வைத்தால் வெல்லம். அந்தப் பாகில் கொஞ்சம் இரும்புச் சத்தும் வேறு தாதுக்களும் தங்குகின்றன. ருசியும் மணமும் தங்குகின்றன. ஆனால் 100 கிராம் சீனி சுமார் 400 கலோரி தந்தால், 100 கிராம் வெல்லம் சுமார் 380 கலோரி தருகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையை இரண்டும் செய்யும். தேனும் பனை வெல்லமும் அப்படியே. பேரீச்சம்பழத்தில் நார் உண்டு, ஆனாலும் அதுவும் இனிப்புத்தான். கடையில் 'சீனி சேர்க்காதது' என்று எழுதியிருந்தால், அப்படியானால் என்ன சேர்த்தது என்று பின்பக்கத்தில் பாருங்கள்.

கணக்குப் பார்ப்போம். 150 கிராம் வெல்லத்தை 16 துண்டாகப் பிரித்தால் ஒரு துண்டுக்கு 9 கிராமுக்குச் சற்று அதிகம். நாலு துண்டுக்கு 37 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. இது சர்க்கரை நோய் இல்லாத பெரியவருக்கும் சொன்ன அளவு. வெல்லம், தேன், காப்பியில் போடும் சீனி எல்லாம் இதில் சேரும்.

பீட்ரூட் கணக்கையும் பார்த்துவிடலாம். 200 கிராமை 16-ஆல் வகுத்தால் ஒரு துண்டில் 12.5 கிராம் பீட்ரூட். ஒரு பிடி பொரியலுக்கு அது ஈடாகாது. பிள்ளை கேக் சாப்பிட்டான், காய்கறி சாப்பிட்ட மாதிரிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அப்ப நான் ஒண்ணுமே சாப்பிடக் கூடாதா?" என்றார் பாட்டி.

அதை டாக்டரிடமே கேட்டோம். எப்போதாவது அரைத் துண்டு சாப்பிடலாம், அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது என்றார். இப்போது வெல்லத்தை 100 கிராமாகக் குறைத்துச் செய்கிறோம். இனிப்பு குறைந்ததும் கோகோவின் கசப்பு கொஞ்சம் தெரிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. பையனுக்குப் பழைய அளவுதான் பிடிக்கும். பாட்டியின் அரைத் துண்டை அவன்தான் அளந்து வெட்டுகிறான். ஸ்கேல் வைத்து.

கணக்குப் போடுங்கள்

1. வெல்லத்தை 100 கிராமாகக் குறைத்தால், 16 துண்டுகளில் ஒரு துண்டுக்கு எத்தனை கிராம் வரும்? பாட்டியின் அரைத் துண்டில் எவ்வளவு இருக்கும்?

2. உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சீனியும் வெல்லமும் வாங்குகிறீர்கள்? அதை 30 நாளாலும் வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வருகிறது?

3. வீட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் உறையை எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். பால் சேர்ந்திருக்கிறதா? எந்தெந்தப் பெயரில்?

4. ராகி மாவு, கோதுமை மாவு, வெல்லம், பீட்ரூட், கோகோ, எண்ணெய் ஆகியவற்றின் விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு எழுதுங்கள். மேலே சொன்ன அளவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது? ஒரு துண்டின் விலை என்ன? பேக்கரியில் ஒரு துண்டு என்ன விலை?